கிளீவ்லாந்துப் பைப்பர்ஸ்: வென்றும் நிலைக்காத ஓர் அணியின் வரலாறு

விளையாட்டு வரலாற்றை எழுதப்புகுந்தோர் பெரும்பாலும் நெடுங்காலம் நிலைத்த அணிகளையே தம் பொருளாகக் கொண்டுள்ளனர். அத்தகைய அணிகளுக்குப் பதிவேடுகள் உண்டு, அரங்குகள் உண்டு, தலைமுறை தலைமுறையாக அவற்றைப் போற்றிவரும் இரசிகர் கூட்டமும் உண்டு. இரண்டு மூன்று ஆண்டுகள் ஆடிவிட்டு மறைந்துபோன அணிகளோ அவ்வரலாறுகளின் அடிக்குறிப்புகளில் ஒதுங்கிக் கிடக்கின்றன. ஆயின் ஒரு விளையாட்டு எவருடைய பணத்தால் நடைபெறுகிறது, எவருடைய உழைப்பால் வாழ்கிறது, அதனுள் நுழைவதற்கு எவர் எவரிடம் அனுமதி பெறவேண்டியிருக்கிறது என்னும் வினாக்களுக்கு நிலைத்த அணிகளிலும் பார்க்க நிலைக்காத அணிகளே சில வேளைகளில் தெளிவான விடை தருகின்றன. ஐக்கிய அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் 1959 முதல் 1962 வரை இயங்கிய கிளீவ்லாந்துப் பைப்பர்ஸ் என்னும் கூடைப்பந்தாட்ட அணி அத்தகைய ஒன்றாகும். மூன்றே ஆண்டுகளில் இரு வேறு பட்டங்களை வென்ற அவ்வணி, இரண்டாவது பட்டத்தை வென்ற அதே ஆண்டில், அடுத்த ஆட்டப்பருவம் தொடங்குமுன்னரே இல்லாதொழிந்தது. அதன் காரணங்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் நாட்டு வாசகர் பலர் கூடைப்பந்தாட்டத்தைப் பாடசாலை மைதானங்களில் பெண்பிள்ளைகள் ஆடும் வலைப்பந்தாட்டத்தோடு சேர்த்தே எண்ணுவர். இரண்டும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவையே. 1891 டிசெம்பரில் மசசூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில், கிறித்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிக் கல்லூரியொன்றில் ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், குளிர்காலத்தில் மாணவரை உள்ளரங்கில் ஈடுபடுத்துவதற்காக இவ்விளையாட்டை வகுத்தார். பின்னர் அவர் கன்சாஸ் பல்கலைக்கழகத்திற்குச் சென்று முதுமை வரை அங்கேயே பணியாற்றினார். அங்கு அவருடைய வழிகாட்டலிற் பயின்ற மாணவருள் ஒருவரே பைப்பர்ஸ் அணியின் வரலாற்றில் நாம் சந்திக்கவிருக்கும் முதன்மையான மனிதர். அவரைப் பற்றிக் கூறுமுன் அவ்வணி பிறந்த சூழலைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் அமெரிக்கக் கூடைப்பந்தாட்டம் இரு வழிகளில் வளர்ந்தது. ஒன்று தொழில்முறை வழி; இன்று உலகம் அறிந்த தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கம் அவ்வழியில் உருவானது. மற்றையது கைத்தொழில் நிறுவனங்களின் வழி. எண்ணெய்க் கம்பனி, உழவு இயந்திரக் கம்பனி, ரயர்க் கம்பனி, பாரவூர்திக் கம்பனி ஆகியன தத்தமக்கென அணிகளை வைத்திருந்தன. பகலில் அலுவலகத்திலோ தொழிற்சாலையிலோ பணிபுரிந்து, மாலையில் கம்பனியின் பெயர் பொறித்த உடையணிந்து ஆடுவோர் அவ்வணிகளின் வீரர். சட்டப்படி அவர்கள் தொழில்முறை ஆட்டக்காரர் அல்லர். பார்ட்டில்ஸ்வில் நகரத்து பிலிப்ஸ் 66 அணி, பியோரியா நகரத்து கற்றர்பிலர் அணி, கிளீவ்லாந்துக்கு அண்மையிலுள்ள அக்ரன் நகரத்துக் குட்இயர் அணி என்பன அக்காலத்தில் தொழில்முறை அணிகளுக்கு ஈடுகொடுக்கத்தக்கனவாயிருந்தன. ஓய்வு பெற்ற பின்னும் கம்பனியில் வேலை உண்டு என்னும் உறுதி, தொழில்முறை அணிகள் தரவியலாத ஒன்று. ஆதலாற் பல்கலைக்கழகங்களிலிருந்து வெளியேறிய சிறந்த வீரர் பலர் இவ்வழியையே தேர்ந்தனர்.

இவ்வணிகள் ஒன்றுசேர்ந்து நடத்திய தேசியக் கைத்தொழிற் கூடைப்பந்தாட்ட லீக்கில் 1959 இல் இணைந்த அணியே பைப்பர்ஸ். குழாய் பொருத்தும் தொழில் நடத்திய எட் சுவீனி என்பவர் அதன் ஆதரவாளர். குழாய்க்காரருடைய அணிக்குப் பைப்பர்ஸ் என்னும் பெயர் பொருத்தமானதே. பின்னொருகால் இவ்வணியோடு மோதவிருந்த ரேப்பர்ஸ் அணி ஒட்டுநாடா செய்யும் கம்பனியொன்றின் அணி என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம். வீரத்தையும் விலங்கையும் பெயராகக் கொள்ளும் வழக்கத்தினிடையே குழாயும் ஒட்டுநாடாவும் பெயராய் அமைந்தமை, அவ்விளையாட்டு அன்று எங்கு வேரூன்றியிருந்தது என்பதை ஒளிவின்றிக் காட்டுகின்றது.

கிளீவ்லாந்தும் அதற்கேற்ற நகரமே. ஈரிப் பேரேரியின் கரையில், உருக்குத் தொழிற்சாலைகளும் தாதுப்பொருள் ஏற்றிவரும் கப்பல்களும் நிறைந்த அந்நகரில் 1960ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 876,050 மக்கள் வாழ்ந்தனர். பத்தாண்டுகளுக்கு முன்னர் அத்தொகை 914,808 ஆக இருந்தது. எனவே நகரத்தின் தேய்வு ஏற்கெனவே தொடங்கிவிட்டது. கூடைப்பந்தாட்டம் அங்கே புதிதன்று. 1920களில் உடைக்கடை உரிமையாளரொருவரின் பெயரால் வழங்கிய ரோசன்புளும்ஸ் அணி மும்முறை பட்டம் வென்று பின் கலைந்தது. 1946 இல் தோன்றிய ரெபல்ஸ் அணி ஓராண்டோடு முடிந்தது. அந்நகரம் அணிகளைப் பெறுவதிலும் இழப்பதிலும் பழக்கப்பட்டிருந்தது எனலாம்.

சுவீனியின் அணிக்குப் பயிற்றுநராக 1959 இல் வந்தவர் ஜோன் மக்லென்டன். கன்சாஸ் மாநிலத்தில் 1915 இல் ஒரு கறுப்பினக் குடும்பத்திற் பிறந்தவர். கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி பயின்று 1936 இல் பட்டம் பெற்றார். கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கிய நெய்ஸ்மித்திடமே அதன் நுணுக்கங்களைக் கற்ற இம்மாணவருக்கு, அப்பல்கலைக்கழக அணியில் ஆடும் உரிமை மட்டும் இருக்கவில்லை. அக்காலத்தில் அவ்வணியிற் கறுப்பின மாணவர் சேர்க்கப்படுவதில்லை. ஆடுதற்கு மறுக்கப்பட்டவர் ஆடுவிப்பதைத் தம் தொழிலாக்கிக்கொண்டார். 1940 முதல் வட கரோலினாவின் டறம் நகரில் கறுப்பினத்தவருக்கென அமைந்த கல்லூரியில் பயிற்றுநராகப் பணியாற்றினார். பந்து கைக்கு வந்த கணத்திலேயே எதிரணி ஒழுங்குபடுமுன் விரைந்து தாக்குதல், ஆடுதளம் முழுவதும் எதிரணியை நெருக்குதல் ஆகிய முறைகளை அவர் அங்கு வளர்த்தெடுத்தார். பந்தை மெல்ல நகர்த்தி ஆடும் அக்கால வழக்கத்திற்கு இது முற்றிலும் மாறானது.

1944 மார்ச் 12 அன்று நடந்த ஒரு நிகழ்ச்சி இங்கே சிறிது விரிவாகவே கூறத்தக்கது. அன்று ஞாயிற்றுக்கிழமை, நகரத்தார் பலரும் தேவாலயத்தில் இருக்கும் காலை வேளை. அதே நகரத்தில் வெள்ளையருக்கென்றே இருந்த டியூக் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீட அணியினர், மக்லென்டனின் கல்லூரி உடற்பயிற்சிக் கூடத்திற்கு மறைவாக வந்து சேர்ந்தனர். கதவுகள் பூட்டப்பட்டன, பார்வையாளர் அனுமதிக்கப்படவில்லை. இரு நிறத்தவரும் ஒரே தளத்தில் ஆடுவது அம்மாநிலத்தில் சட்டத்திற்கும் வழக்கத்திற்கும் புறம்பாயிருந்த காலம் அது. மக்லென்டனின் மாணவர் 88-44 என்னும் புள்ளிகளில், அதாவது இரு மடங்கில், வென்றனர். அதன்பின் இரு அணிகளும் கலந்து மீண்டும் ஓர் ஆட்டம் ஆடியதாகவும் அறிகிறோம். இந்நிகழ்ச்சி வரலாற்றாசிரியர் ஸ்கொட் எல்ஸ்வேர்த் 1996 இல் எழுதிய கட்டுரையின் மூலமே வெளியுலகுக்குத் தெரியவந்தது. ஐம்பத்திரண்டு ஆண்டுகள் ஒரு வெற்றியை மறைத்து வைத்திருக்க நேர்ந்த சமுதாயத்திலிருந்து வந்தவர் இப்பயிற்றுநர் என்பதை மனத்திற்கொண்டாலன்றி, பைப்பர்ஸ் அணியில் அவர் பின்னர் எடுத்த முடிவின் கனம் விளங்காது.

டறம் நகரிலிருந்து விலகிய சிறிது காலத்தின் பின் அவர் டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் உள்ள கறுப்பினத்தவர் பல்கலைக்கழகத்திற் பொறுப்பேற்றார். 1957, 1958, 1959 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து அவ்வணி சிறு கல்லூரிகளுக்கான தேசியப் பட்டத்தை வென்றது. கறுப்பினக் கல்லூரியொன்று இரு நிறத்தவரும் பங்குகொள்ளும் தேசியப் போட்டியொன்றில் வாகை சூடியது அதுவே முதற்றடவை. டிக் பார்னெற், ஜோன் பார்ன்ஹில் ஆகியோர் அவ்வணியின் தூண்கள். இவ்விருவரும் பின்னர்ப் பைப்பர்ஸ் அணிக்கும் ஆடினர்; ஆசிரியர் சென்ற இடத்துக்கு மாணவரும் வந்தனர் போலும்.

மக்லென்டனின் பயிற்சியில் பைப்பர்ஸ் விரைவாகவே எழுந்தது. 1961 இல் தொழில்முறை சாராத அணிகளுக்கான அமெரிக்கத் தேசியப் பட்டத்தை அது வென்றது. பல பத்தாண்டு அனுபவமும் பெருங் கம்பனிகளின் பணபலமும் கொண்ட அணிகளை, தோன்றி ஈராண்டே ஆன ஓரணி பின்தள்ளியது. ஆயின் அவ்வெற்றி ஒரு யுகத்தின் அந்திவேளையில் வந்த வெற்றி. தொழில்முறைச் சம்பளம் உயர உயர, கம்பனி வேலையின் கவர்ச்சி குன்றியது. கைத்தொழில் லீக் அவ்வாண்டோடு முடிவுற்றது. அணி உயிர்வாழ வேண்டுமாயின் வேறோர் இடம் தேட வேண்டியிருந்தது.

அவ்விடத்தை அளித்தவர் ஏப் சப்பர்ஸ்ரீன். ஹாலெம் குளோப்ரொட்டேர்ஸ் என்னும் புகழ்பெற்ற வித்தைக் காட்சி அணியை உருவாக்கி உலகெங்கும் அழைத்துச் சென்றவர் இவர். லொஸ் ஏஞ்சலிஸ் நகருக்கான ஓர் அணியைத் தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கம் தமக்குத் தரும் என அவர் எதிர்பார்த்திருந்தார். 1960 இல் மினியாபொலிஸ் நகரத்து லேக்கர்ஸ் அணி அந்நகருக்கு இடம்பெயரவே அவ்வெதிர்பார்ப்புக் கலைந்தது. மனங்கசந்த அவர் அமெரிக்கக் கூடைப்பந்தாட்ட லீக் என்னும் பெயரில் புதிய லீக்கொன்றைத் தொடங்கினார். 1961 இலையுதிர் காலத்தில் கிளீவ்லாந்து, பிற்ஸ்பேர்க், சிக்காகோ, வாஷிங்டன், கன்சாஸ் சிற்றி, லொஸ் ஏஞ்சலிஸ், சான் பிரான்சிஸ்கோ, ஹவாய் ஆகிய எட்டு இடங்களின் அணிகளுடன் அது ஆட்டத்தை ஆரம்பித்தது. சமவலுவுள்ள போட்டியாளனாக விளங்க வேண்டும் என்பது சப்பர்ஸ்ரீனின் நோக்கம். நடைமுறையில் அது இரண்டாம் வரிசை லீக்காகவே கருதப்பட்டது.

இந்த லீக்கை முழுவதுமாக ஒதுக்கிவிடவும் முடியாது. வளையத்திலிருந்து ஏறத்தாழ 25 அடி தொலைவில் ஒரு கோடு வரைந்து, அதற்கு வெளியிலிருந்து எறிந்து பெறும் வெற்றிக்கு மூன்று புள்ளிகள் வழங்கும் விதியைத் தொழில்முறை ஆட்டத்தில் நடைமுறைப்படுத்தியது இதுவே. வளையத்தின் கீழ் உயரமானவர்கள் மட்டுமே ஆதிக்கம் செலுத்தாதிருக்க இது வழிசெய்தது. தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கம் இவ்விதியை ஏற்றது 1979 இலேதான். அவ்வாறே வேறெங்கும் இடம் மறுக்கப்பட்டோர்க்கு இந்த லீக் புகலிடமாகவும் அமைந்தது. சூதாட்ட ஊழலொன்றிற் பெயர் அடிபட்டு, குற்றச்சாட்டு ஏதும் பதிவாகாதபோதும் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றப்பட்ட இளைஞர் கொனி ஹோக்கின்ஸ் பிற்ஸ்பேர்க் அணிக்கு ஆடி, முதற் பருவத்தின் சிறந்த வீரராகத் தெரிவானார். தேசியச் சங்கம் அவரை ஏற்க 1969 வரை ஆயிற்று. அதுவும் வழக்குத் தொடுத்த பின்னரே.

பைப்பர்ஸின் உரிமை இதற்கிடையில் ஒரு முதலீட்டாளர் குழுவின் கைக்கு மாறியிருந்தது. அக்குழுவின் தலைவர் ஜோர்ஜ் ஸ்ரைன்பிரென்னர். 1930 இற் பிறந்த இவருடைய குடும்பம் பேரேரிகளிற் சரக்குக் கப்பல் நடத்திய குடும்பம். தந்தைக்கு இம்முயற்சி சிறிதும் பிடிக்கவில்லை. பிற்காலத்தில் நியூ யோர்க் யாங்கீஸ் என்னும் அடிப்பந்தாட்ட அணியை 1973 இல் வாங்கி, பயிற்றுநர்களைப் பதவிநீக்குவதிற் பெயர் பெற்றவர் இவரே. அப்பெயருக்கான ஒத்திகை கிளீவ்லாந்தில் நடந்தது என்றால் மிகையாகாது. எனினும் ஒன்றை நடுநிலையோடு கூறவேண்டும்: தொழில்முறை லீக்குக்கு அணியைக் கொண்டுசென்றபோது அவர் மக்லென்டனையே பயிற்றுநராக வைத்துக்கொண்டார். தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கத்தில் கறுப்பினத்தவர் ஒருவர், பில் ரசல், தலைமைப் பயிற்றுநரானது 1966 இலேயே. மக்லென்டன் அதற்கு ஐந்தாண்டுகள் முந்தியவர். தொழில்முறை லீக்கின் முதற் கறுப்பினப் பயிற்றுநர் என்றே அவரைப் பலர் குறிப்பிடுவர். 1948-49 பருவத்தில் டேற்றன் ரென்ஸ் என்னும், கறுப்பினத்தவர் மட்டுமே ஆடிய அணியைப் பொப் கேற்ஸ் நடத்தியமையால் அக்கூற்றுக்குச் சிறு திருத்தம் தேவை. இரு நிறத்தவரும் கலந்து ஆடிய தொழில்முறை அணியொன்றின் முதல்வர் எனக் கூறுவதே பொருத்தமாகும்.

அணியை வலுப்படுத்த ஸ்ரைன்பிரென்னர் பார்னெற்றை அழைத்தார். அவரோ தேசியச் சங்கத்தின் சிரக்கியூஸ் அணியில் ஈராண்டு ஆடியிருந்தவர். கூடிய சம்பளத்துடன் கிளீவ்லாந்தோடு அவர் ஒப்பந்தம் செய்யவே, சிரக்கியூஸ் அணியின் உரிமையாளர் ஒஹாயோ நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். பழைய ஒப்பந்தத்தை அணி தன் விருப்பப்படி நீடிக்கலாம் என்னும் விதி அவர்களுடைய ஆயுதம். பார்னெற்றின் திறமை பிறரால் ஈடுசெய்யவியலாத தனித்தன்மை வாய்ந்தது என்றும், ஆதலால் அவர் வேறோர் அணிக்கு ஆடுவதைத் தடுக்கலாம் என்றும் நீதிமன்றம் சிரக்கியூஸின் பக்கம் தீர்ப்பளித்தது. இத்தீர்ப்பு இன்றும் அமெரிக்கச் சட்ட வகுப்புகளில் எடுத்தாளப்படுகின்றது. ஒருவருடைய திறமை அசாதாரணமானது என நீதிமன்றம் ஏற்றுக்கொள்வது அவருக்கு நன்மை பயக்கும் என நாம் நினைப்போம். இங்கோ அவரைக் கட்டிவைக்கும் கயிறாக அதே புகழ்ச்சி பயன்பட்டது. எனினும் அப்பருவம் முடியுமுன் பார்னெற் பைப்பர்ஸ் உடையில் ஆடினார்.

அம்முதற் பருவத்தில் லீக்கின் எல்லா அணிகளும் பணமுடையால் வருந்தின. பார்வையாளர் தொகை சிறிது. பயணச் செலவு பெரிது. ஹவாய்த் தீவுகளுக்கு விமானத்தில் ஓர் அணியை அனுப்புவதற்கான செலவே சில அணிகளுக்குச் சுமையாயிற்று. லொஸ் ஏஞ்சலிஸ் அணி பருவத்தின் நடுவிலேயே கலைந்தது. வாஷிங்டன் அணி நியூ யோர்க் மாநிலத்துக்கு இடம்பெயர்ந்தது. இந்நிலையில் ஸ்ரைன்பிரென்னர் அணியின் அன்றாட விடயங்களில் ஓயாது தலையிட்டார். ஹவாய் அணியுடனான ஆட்டமொன்றின் இடைவேளையில் தம் வீரர் கிறேடி மக்கொலத்தை எதிரணிக்கே விற்றுவிட்டார் என்பது அடிக்கடி சொல்லப்படும் கதை. பாதி ஆட்டம் ஓரணிக்கு ஆடியவன் மறுபாதிக்கு எதிரணியின் வாங்கில் அமர நேர்வதை நகைச்சுவையாகவே பலர் எழுதியுள்ளனர். விற்கப்பட்டவரின் பக்கத்தில் நின்று பார்ப்பின் அதில் நகைப்பதற்கு அதிகம் இல்லை.

பிணக்கு முற்றியது சம்பளத்தில். வீரர்க்குரிய ஊதியம் தாமதமாகத் தொடங்கியது. தோல்வியைக் காரணங்காட்டி அதனை நிறுத்திவைக்க உரிமையாளர் முற்பட்டார் என்றும் பதிவாகியுள்ளது. வீரர் எதிர்ப்புத் தெரிவித்தனர். இங்கே பயிற்றுநரின் நிலையை எண்ணிப்பார்த்தல் தகும். அவர் வகித்த பதவி வேறெந்தக் கறுப்பினத்தவருக்கும் அன்று கிட்டாதது. அதை இழந்தால் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத்தில் வேறு கதவு திறக்கும் என்பதற்கு எவ்வித உறுதியும் இல்லை. வாய்மூடி இருந்திருப்பின் அவரை எவரும் குறைகூறியிருக்க மாட்டார். நிறவேறுபாட்டை எதிர்த்து அதுவரை செய்த சாதனையைக் காப்பதே பெரிது என்னும் நியாயமும் கைவசம் இருந்தது. ஆனால் மக்லென்டன் வீரர் பக்கம் நின்றார். அவர்களை உரிமையாளர் நடத்திய முறையை வெளிப்படையாகவே கண்டித்து, 1962 சனவரியிற் பயிற்றுநர் பதவியைத் துறந்தார்.

அவருடைய இடத்துக்கு வந்தவர் பில் ஷார்மன். பொஸ்ரன் செல்ரிக்ஸ் அணியில் ஆடி நான்கு பட்டங்களிற் பங்குகொண்டவர். கலைந்துபோன லொஸ் ஏஞ்சலிஸ் அணியின் பயிற்றுநராக இருந்தமையாற் கைக்கெட்டும் நிலையில் இருந்தார். ஷார்மனின் திறமையைக் குறைத்து மதிப்பதற்கில்லை. பிற்காலத்தில் 1971 இல் யூற்றா அணியையும் 1972 இல் லேக்கர்ஸ் அணியையும் வாகைசூட வைத்து, மூன்று வெவ்வேறு தொழில்முறை லீக்குகளிற் பட்டம் வென்ற பயிற்றுநர் என்னும் சிறப்பைப் பெற்றவர் அவர். அம்மூன்றில் முதலாவது கிளீவ்லாந்துப் பட்டமே. 1962 ஏப்பிரலில் கன்சாஸ் சிற்றி ஸ்ரியேர்ஸ் அணிக்கெதிராக நடந்த ஐந்து ஆட்டத் தொடரில் முதலிரண்டையும் இழந்த பைப்பர்ஸ், அடுத்த மூன்றையும் வென்று பட்டத்தைக் கைப்பற்றியது. கலங்காது மீண்டெழுந்த அவ்வணி எவருடைய அணி? பதிவேட்டில் ஷார்மனின் பெயர் உள்ளது. அதை அமைத்து, அதற்கு ஓட்டத்தையும் உடல்வலுவையும் பழக்கியவர் மூன்று மாதங்களுக்கு முன்னர் வெளியேறியவர் என்பதைப் பதிவேடு சொல்வதில்லை.

சனவரியிற் சம்பளம் கொடுக்கத் தடுமாறிய உரிமையாளர் அடுத்த சில மாதங்களில் ஒரு பெரும் ஒப்பந்தத்தை அறிவித்தார். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜெரி லூக்கஸ் அன்று கல்லூரிக் கூடைப்பந்தாட்டத்தின் தலைசிறந்த வீரர். 1960 இல் தம் பல்கலைக்கழகத்துடன் தேசியப் பட்டமும் உரோமாபுரி ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கமும் வென்றவர். தேசியச் சங்கத்தில், அருகிலுள்ள கல்லூரி வீரரைத் தெரிவதில் அந்தந்த நகர அணிக்கு முன்னுரிமை இருந்தமையால், சின்சினாட்டி ரோயல்ஸ் அவரைத் தனதாக்கக் காத்திருந்தது. லூக்கஸோ பைப்பர்ஸில் ஒப்பமிட்டார். ஒப்பந்தத்தின் ஒரு பகுதி பங்கு முதலீடாக அமைந்தது. படிப்பைத் தொடரவும் இடம் விடப்பட்டது.

இதன்பின் நிகழ்ந்ததுதான் இவ்வரலாற்றின் திருப்பம். 1962 யூலையில் தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கம் பைப்பர்ஸைத் தன் பத்தாவது அணியாக ஏற்க முன்வந்தது. சங்கம் கதவைத் திறந்தது யாருக்கு? ஏப்பிரலில் பட்டம் வென்றபோது அது பைப்பர்ஸைத் திரும்பியும் பார்க்கவில்லை. லூக்கஸின் ஒப்பம் கிடைத்த பின்னரே அணிக்கு மதிப்பு வந்தது. வென்றவர்களின் உழைப்பிலும் பார்க்க, இன்னும் ஓர் ஆட்டமேனும் ஆடாத ஒருவருடைய கையொப்பம் சந்தையில் பெறுமதி மிக்கதாயிருந்தது. நுழைவுக்கும் ஒரு விலை இருந்தது: சங்கத்துக்கு அனுமதிக் கட்டணம், அத்தோடு, அதே மாநிலத்தில் ஆடுவதற்காகவும் லூக்கஸை இழந்ததற்காகவும் சின்சினாட்டி அணிக்கு இழப்பீடு. ஸ்ரைன்பிரென்னரிடம் அத்தொகை இருக்கவில்லை. கன்சாஸ் சிற்றி அணியையும் தம்மோடு இணைத்துப் பணந்திரட்ட முயன்றார். தம் லீக்கின் இரு சிறந்த அணிகளும் ஒருங்கே பறிபோவதைக் கண்ட சப்பர்ஸ்ரீன் வழக்குத் தொடுக்கப்போவதாக எச்சரித்தார். புதிய பருவத்துக்கான தேசியச் சங்க அட்டவணையிற் கிளீவ்லாந்தின் பெயரும் இடம்பெற்றிருந்ததாகக் கூறுவர். பணம் சேரவில்லை, இணைப்பு முறிந்தது, அழைப்பும் வலுவிழந்தது. பழைய லீக்கை விட்டு வெளியேறிய அணி, புதிய சங்கத்தினுள்ளும் நுழையாது, இடைவழியிலேயே கலைந்தது.

லீக்கும் நெடுநாள் தரிக்கவில்லை. நடப்புச் சம்பியன் இல்லாமலே இரண்டாம் பருவத்தை ஆறு அணிகளுடன் தொடங்கி, 1962 டிசெம்பர் 31 அன்று இடைநடுவில் நிறுத்திக்கொண்டது. பைப்பர்ஸ் தங்கியிருந்தாலும் அணியின் ஆயுள் சில மாதங்களே கூடியிருக்கும் என வாதிடலாம். அவ்வாதம் ஓரளவு சரியே. பணமில்லாத லீக்கொன்றில் பணமில்லாத அணி வேறென்ன செய்யும்? ஆயினும் கைத்தொழில் லீக்கின் அணிகள் ஆண்டுக்கணக்கில் நிலைத்தமை, வீரர்க்கு ஒழுங்கான வேலையும் சம்பளமும் இருந்தமையாலேயே என்பதையும் மறத்தலாகாது. பைப்பர்ஸில் முதலில் முறிந்தது அந்த நம்பிக்கை; மூலதனம் முறிந்தது அதன் பின்னரே என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

லூக்கஸ் ஒரு பருவம் முழுவதும் ஆடாதிருந்து, 1963 இல் சின்சினாட்டிக்கே சென்றார். பார்ன்ஹில் சென் லூயி அணியிற் சேர்ந்தார். ஸ்ரைன்பிரென்னர் பெரும் நட்டமடைந்தார். பின்னர் கடன்காரருக்குப் பணத்தைத் திருப்பிச் செலுத்தினார் என்று அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் கூறும். 2010 இல் அவர் இறந்தபோது உலகப் பத்திரிகைகள் எழுதிய நீண்ட இரங்கற் குறிப்புகளில் பைப்பர்ஸுக்குச் சில வரிகளே கிடைத்தன.

மக்லென்டன் மீண்டும் கல்லூரிகளுக்குத் திரும்பினார். 1966 இல் கிளீவ்லாந்து மாநிலப் பல்கலைக்கழகம் அவரைப் பயிற்றுநராக நியமித்தது. வெள்ளையர் பெரும்பான்மையாகப் பயிலும் பல்கலைக்கழகமொன்றில் அப்பதவியை வகித்த முதற் கறுப்பினத்தவர் அவர். 1969 இல் டென்வர் ரொக்கற்ஸ் என்னும் தொழில்முறை அணியில் ஒரு பருவத்தின் சிறு பகுதி மட்டும் பணியாற்றினார். நெய்ஸ்மித்தின் பெயரால் அமைந்த புகழ்மண்டபம் 1979 இல் அவரை ஏற்றது. பங்களிப்பாளர் என்னும் வகையிலேயே ஏற்றது. பயிற்றுநர் என்று அவரை அது ஏற்க 2016 வரை சென்றது. அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்னரே, 1999 ஒக்டோபரில், கிளீவ்லாந்தின் புறநகரொன்றில் அவர் காலமாகியிருந்தார்.

பார்னெற் லேக்கர்ஸ் அணிக்கும், பின் நியூ யோர்க் நிக்ஸ் அணிக்கும் ஆடி, 1970 இலும் 1973 இலும் சம்பியன் பட்டம் பெற்றார். ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற பின் கல்வித்துறையிற் கலாநிதிப் பட்டமும் பெற்றார். தம் முதுமையின் பெரும்பகுதியை, நாஷ்வில்லில் மக்லென்டனின் கீழ் மும்முறை வென்ற அணி அங்கீகாரம் பெறவேண்டும் என்னும் முயற்சியிலேயே அவர் செலவிட்டார். 2019 இல் அவ்வணி புகழ்மண்டபத்திற் சேர்க்கப்பட்டது. 2024 இல் அவரும் தனித்துச் சேர்க்கப்பட்டார். அடுத்த ஆண்டு காலமானார்.

தேசியச் சங்கத்தில் கிளீவ்லாந்துக்கு மீண்டும் ஓர் இடம் 1970 இல் கவலியேர்ஸ் அணியின் மூலம் கிடைத்தது. முதல் நான்கு பருவங்களும் அவ்வணி ஆடியது, பைப்பர்ஸ் ஆடிய பழைய கிளீவ்லாந்து அரங்கிலேதான். 1977 இல் அவ்வரங்கும் இடிக்கப்பட்டது.